உப்புப் பானை

கதவைத் தட்டாதீங்க சார். கை வலிக்கிறதுதான் மிச்சம். வராண்டாவிலே ஆள் இருந்தாத்தானே கேக்கும். பரீட்சை லீவு. பிள்ளைகளும் கிடையாது, வாத்தியார்மாரும் கிடையாது. சங்கரபாண்டிக்குப் போன் போட்டாச்சு. நம்ம காலேஜ் அட்டெண்டர்தான் அவன். இந்தக் கதவுக்குச் சாவி நிர்வாகம் பார்க்கிற ஏ.ஓ. கிட்டே இருக்கு. ஏ.ஓ. வீடு சுரண்டையிலே இருக்கு. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், நடுவிலே அவன் நின்னு ஒரு டீ குடிப்பான். ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க.

தப்பு என் பேர்லேதான், ஒத்துக்கறேன். இந்தக் கதவு வெளியே அட்டையைக் காட்டினாத் திறக்கும், உள்ளே இந்தப் பட்டனை அமுக்கினாத் திறக்கும். ரெண்டுக்கும் கரண்டு வேணும். நீங்க லைனை ஆஃப் பண்ணச் சொன்னீங்க. நான் வெளியே போர்டிலே ஃபியூஸ் கேரியரை உருவி சட்டைப் பையிலே போட்டுக்கிட்டேன். இதோ பாருங்க. நாப்பது வருஷப் பழக்கம் சார். லைன்லே கை வைக்கிறவன் ஃபியூஸை அடுத்தவன் கையிலே கொடுக்கக் கூடாது, போர்டு மேலே வச்சுட்டும் வரக் கூடாது. எவனாவது புண்ணியவான் வந்து மாட்டிட்டான்னா நம்ம கதை முடிஞ்சுது. பையிலே இருந்தா உயிர் நம்ம கிட்டே இருக்கு. நீங்க உள்ளே வந்தீங்க, பின்னாலேயே நானும் வந்தேன், கதவு தானாச் சாத்திக்கிச்சு. போர்டு வெளியே, ஃபியூஸ் உள்ளே. கதவுக்கு அடியிலே தள்ளிவிடலாம்னு பார்த்தா ஏ.சி. காத்து போயிடக் கூடாதுன்னு ரப்பர் அடிச்சு வச்சிருக்கான் அந்தப் பய.

எந்தப் பயலா? நெட்டு கம்பெனிப் பையன் ஆல்ட்ரின்தான் சார். கரண்டு ஆபீஸ்லேருந்து விசாரிக்க வந்த நீங்க எழுதப் போற பேப்பர்லே அவன் தலைதானே இருக்கு. நெட்டு மெஷின் அடுக்கின இந்தத் தகர ரேக்கை இங்கே கொண்டாந்து நிறுத்தினவன் அவன். பாடிக்கு எர்த் கொடுத்தவன் அவன். இந்த ரூமைத் துடைக்கிற கோமுவைக் கரண்டு பிடிச்சதுக்குப் போலீஸ்காரங்க எழுதின பேர் அவன் பேர். பாளையங்கோட்டையிலே பதினோரு நாள் உள்ளே இருந்துட்டு இப்போ ஜாமீன்லே வந்திருக்கான். கம்பெனியும் வெளியே அனுப்பிடுச்சாம். வேலை மோசம்னு நீங்க எழுதினா கேஸ் நிக்கும். இல்லைன்னு எழுதினாப் படுத்துடும். எனக்கு எது ஆசைன்னு கேட்டா நிக்கணும்னுதான் சொல்லுவேன். ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது.

அந்த ஸ்டூல்லே உக்காருங்க. நான் தரையிலே உக்காந்துக்கறேன். வேர்க்கத்தான் செய்யும். ஏ.சி. நின்னா இந்த ரூம் அடுப்புதான். முன்னாலே இது மாடிப்படிக்குக் கீழே துடைப்பம், வாளி வைக்கிற இடம். அப்போ ஒரு ஜன்னல் இருந்துச்சு. நெட்டு ரூம் ஆக்குறோம்னு அதையும் அடைச்சிட்டாங்க.

என் பேரு பூல்பாண்டி. ஃபைல்லே பார்த்திருப்பீங்க, வயர்மேன்னு போட்டிருக்கும். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன். அம்பாசமுத்திரத்திலே ஒரு மில்லிலே மூட்டை தூக்கப் போய், மோட்டார் கட்டுறவங்க கூடவே திரிஞ்சு வேலை கத்துக்கிட்டவன். இந்தக் காலேஜ் அஸ்திவாரம் தோண்டும்போதே வந்துட்டேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. இங்கே எந்த லைட்டு எந்த வயர்லே எரியுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தாளாளருக்கே தெரியாது.

அந்த எர்த் குழி நான் தோண்டினது. காலையிலே நீங்க மீட்டர் போட்டுப் பார்த்தீங்களே, அதேதான். எட்டடி ஆழம். மேலே ரெண்டடிதான் செம்மண், அதுக்குக் கீழே பூராவும் சுக்காம்பாறை. கடப்பாரை நுனி மழுங்கி மழுங்கி மூணு தடவை பட்டறைக்குப் போச்சு. பன்னிரண்டு நாள் ஆச்சு எனக்கு. செப்புத் தகட்டை நட்டுக்க நிறுத்தி, கரி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசைன்னு போட்டு மூடினேன். இன்னிக்கு எத்தனை ஓம் காட்டுச்சு? ஒண்ணரை. குறையக் குறையத்தானே நல்ல எர்த்து. நீங்க உங்க வாயாலே சொன்னீங்க, "நல்லா இருக்கே பெரியவரே"ன்னு. இருபத்தாறு வருஷத்திலே என் குழியை அப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டது இன்னிக்குத்தான்.

அந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? போன வருஷம் மே மாசம் வந்தான். கழுத்திலே அட்டை, காதிலே ஒரு குமிழ். ரேக்கு வந்து இறங்கியிருக்கு. தாளாளர், ஏ.ஓ., ரெண்டு வாத்தியார் எல்லாரும் குழி கிட்டே நிக்காங்க. இவன் குனிஞ்சு மீட்டரை வச்சான். பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சான்.

"தாத்தா, பதினாலு காட்டுது. இது எர்த் இல்லை தாத்தா, உப்புப் பானை."

தாளாளர் சிரிச்சார் சார். அவர் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. ஏ.ஓ. தொப்பை குலுங்கச் சிரிச்சார். தாத்தாவாம். எனக்குப் பேரனும் கிடையாது பேத்தியும் கிடையாது, கல்யாணமே கிடையாது. இவனுக்கு நான் எந்த வழியிலே தாத்தா?

அதோட போச்சா? மறுநாள் கேண்டீன்லே மாஸ்டர் சொல்லுறான், "உப்புப் பானை வந்தாச்சு, சாம்பார்லே உப்பைச் சரி பாருங்கடே." பிள்ளைங்க பின்னாலே நின்னு கூப்பிட்டுட்டு ஓடுதுங்க. கோமு மட்டும் என்னவாம், அவளும்தான். "அண்ணாச்சி, மாங்கா ஊறுகாய் போடணும், உங்க குழியிலேருந்து ஒரு படி உப்பு தாங்க"ன்னா. அவ சொன்னா எனக்குக் கோவம் வராது. அவ வாய் அப்படி. புருஷன் செத்த அன்னிக்கே ஒப்பாரி நடுவிலே யாரையோ கேலி பண்ணினவ.

ஆனா அவனை விடுவேனா? அன்னிக்குச் சாயங்காலமே மூணு மூட்டை உப்பு இறக்கினேன். மேல் கரியை வாரிப் போட்டுட்டுப் புதுக் கரி கொட்டினேன். அன்னிலேருந்து இன்னி வரைக்கும் தினம் ரெண்டு குடம் தண்ணி, ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்லை. காய்ச்சல் கண்ட அன்னிக்கும் போர்வையைப் போத்திக்கிட்டு வந்து ஊத்தினேன். இப்போ ஒண்ணரை. பதினாலாம் பதினாலு. அவன் மீட்டரைத் தூக்கி ஓடையிலே போடணும்.

முன்னாலேயா? அதுக்கு முன்னாலே தண்ணி ஊத்துறது... ஞாபகம் வர்றப்போ ஊத்துறதுதான். மழை பேஞ்சா அதுவே போதும்னு விட்டுடுவேன். அதை எதுக்குக் கேக்கறீங்க? நல்ல குழிக்கு அது போதும் சார்.

அப்புறம் ரேக்கை நிறுத்தினான். யூ.பி.எஸ்.லேருந்து இந்த ரூமுக்கு வர்ற லைன் பழைய லைன். ரெண்டு வயர்தான், எர்த் வயர் கிடையாது. அதனாலே பாடிக்குத் தனியா ஒரு பச்சை வயர் இழுக்கணும்னான். இழுத்தான். கீழே, இந்த மூலையிலே பாருங்க, அங்கே ஒரு போல்ட். கம்பெனி கறுப்புப் பெயிண்ட்டை உப்புத்தாள் வச்சு ரூபா அளவுக்குத் தேய்ச்சான், தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும். வயர் நுனியிலே இருக்கிற லக்கை வச்சான், பல்லு வச்ச ஸ்டார் வாஷர் ஒண்ணு போட்டான், முடுக்கினான். நான் வாசல்லே நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். முடுக்கிட்டு என் கிட்டே வந்து சொல்லுறான்: "தாத்தா, நீங்க எதை வேணா கழட்டுங்க, இந்த நட்டை மட்டும் தொட்டுடாதீங்க."

என்னைப் பார்த்து. நாப்பது வருஷமா நட்டு முடுக்குறவனைப் பார்த்து. வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளை மாமனாரைப் பார்த்து அடுக்களைக்குள்ளே வராதேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. மனசிலே போட்டு வச்சுக்கிட்டேன். சொல்லாம வச்சிருக்கிறதுதான் என் குணம்.

என் வேலை சுத்தமா இருக்கும் சார், எவனும் குறை சொல்ல முடியாது. நம்ம காலேஜ்லே ஆயுத பூஜை என் பொறுப்பு. ஜெனரேட்டர், பம்ப்செட்டு, பஸ்ஸு எல்லாத்தையும் துடைச்சு, துருப்பிடிச்சதுக்குப் பெயிண்ட் அடிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பார்க்கிறதுக்குக் கல்யாண வீடு மாதிரி ஆக்கிடுவேன். போன ஐப்பசியிலே... இல்லை, புரட்டாசிக் கடைசி. இந்த ரேக்கு கறுப்பா, எழவு விழுந்த வீட்டு அலமாரி மாதிரி நின்னுச்சு. கீழே எல்லாம் கோமு தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் துரு கண்டிருந்துச்சு. ஹாஸ்டல் கேட்டுக்கு அடிச்ச கிளிப்பச்சை அரை டின் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு கோட்டு அடிச்சேன். எப்படி இருக்கு பாருங்க, டார்ச்சை இப்படி அடிங்க. ஒரு இடத்திலே வழிசல் இருக்கா? பிரஷ் தடம் இருக்கா? பெயிண்ட்டர்னு இருக்கானே, அவன் நட்டோட போல்ட்டோட சேர்த்து அப்பிட்டுப் போவான். நான் அப்படி இல்லை. ஒவ்வொண்ணையும் கழட்டி, அடிச்சுக் காய வச்சு, மறுபடி மாட்டினேன். அந்தப் பல்லு வாஷர் புதுப் பெயிண்ட்டைக் கீறும்னு தூரப் போட்டுட்டு நைசா ஒரு வாஷர் போட்டு முடுக்கினேன். பூஜைக்கு வந்த தாளாளர், "என்ன பூல்பாண்டி, ரேக்குக்குக் கல்யாணமா"ன்னு கேட்டார். அன்னிக்குச் சிரிச்சவர்தான், ஆனா இந்தச் சிரிப்பு வேற.

ஏன் எழுதுறதை நிறுத்திட்டீங்க? டார்ச் மங்குதா? என் போன்லே வெளிச்சம் இருக்கு, பிடிக்கிறேன். வேண்டாமா? சரி.

கோமு கதையைச் சொல்லுறேன். அவ தினம் காலையிலே எட்டு மணிக்கு இந்த ரூமைத் துடைப்பா. மாசி மாசம் ஒரு நாள் வாளியோட வந்து என் முன்னாலே நிக்கா.

"அண்ணாச்சி, உங்க பச்சைக் கிளி என்னைக் கொத்துது."

"எந்தக் கிளி?"

"ரூமிலே நிக்கே, அதுதான். கதவைத் தொட்டா நறுக்குன்னு இழுக்குது."

"உன் வளையலுக்குள்ளே தேளு கிடக்கும், உதறிப் பாரு"ன்னேன். அவ விடலை. "விளையாட்டு இல்லை அண்ணாச்சி, முழங்கை வரைக்கும் ஏறுது." சரின்னு நானே வந்து பார்த்தேன். கரண்டு பார்க்கிறவன் உள்ளங்கையாலே தொட மாட்டான், பிடிச்சா விடாது. புறங்கையாலே தொடணும். தொட்டேன். ஒண்ணும் தெரியலை. மில்லிலே கொடுத்த ரப்பர் பூட்ஸ் சார், நான் அதைக் கழட்டவே மாட்டேன், இன்னும் அதுதான் போட்டிருக்கேன். "ஒண்ணும் இல்லை, போ. நெட்டுலே ஏது கரண்டு, கண்ணாடி வயர்லே வெளிச்சம்தான் போகுது"ன்னு சொன்னேன். அவ வெறுங்காலோட ஈரத் தரையிலே நிக்கிறவ. "செருப்புப் போட்டுத் துடை"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னேனோ என்னவோ. சொல்லியிருப்பேன்.

அதுக்கு ஒன்பதாம் நாள். நான் ஜெனரேட்டர் ரூமிலேருந்து வர்றேன். வாளி உருளுற சத்தம். ஓடி வந்து பார்த்தா ரேக்குக் கதவைப் பிடிச்சபடி நிக்கா. நிக்காளா? நடுங்குறா. கண்ணு மேலே போயிடுச்சு. வாய் திறந்திருக்கு, சத்தம் இல்லை. ரூட்டருக்குள்ளே கரண்டு போற இடத்திலே ஏதோ கருகிப் பாடியைத் தொட்டிருக்கு. ஃபியூஸை உருவப் போர்டுக்கு ஓட நேரம் கிடையாது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த மர ஸ்டூல்தான். அதைத் தூக்கி அவ கையிலே ஓங்கி அடிச்சேன். கை விட்டுச்சு. மணிக்கட்டும் ஒடிஞ்சுது. ஆனா விட்டுச்சு.

உயிர் இருக்கு. வலது கையிலே ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. மிச்ச மூணும் மடங்க மாட்டேங்குது. தங்கச்சி வீட்டிலே இருக்கா. போய்ப் பார்த்தேன். முடியை முடிய முடியலை சார் அவளுக்கு. தங்கச்சி மகள் முடிஞ்சு விடுது. என்னைப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, இனி ஊறுகாய் பிசைய முடியாது, உங்க உப்பு மிச்சம்"ன்னா. நான் சிரிக்கலை. அவதான் சிரிச்சா.

எனக்குப் பொன்னாடை போட்டாங்க. ஸ்டாஃப் மீட்டிங்லே, தாளாளர் கையாலே. உயிரைக் காப்பாத்தினவன்னு. அட்டைப் பெட்டியிலேயே இருக்கு, பிரிக்கலை.

அந்தப் பய ஆத்தா வந்துச்சு ஒரு நாள். நாசரேத்துப் பக்கம் ஏதோ ஊர். வெள்ளைச் சேலை கட்டின அம்மா. கேட்டிலே உள்ளே விடலைன்னு ரோட்டிலேயே மத்தியானம் வரைக்கும் நின்னிருக்கு. நான் டீக்கடைக்கு வந்தப்போ பிடிச்சுக்கிச்சு.

"பெரியவரே, என் மகன் அந்த போல்ட்டுக்கு அடியிலே சுரண்டித்தான் போட்டேன்னு சொல்லுதான். வாசல்லே நின்னு நீங்க பார்த்தீங்கன்னும் சொல்லுதான். பார்த்தீங்களா?"

"நான் வயர்மேன் அம்மா. நெட்டு வேலை எனக்குத் தெரியாது"ன்னுட்டு வந்துட்டேன். பொய்யா சொன்னேன்? நெட்டு வேலை எனக்குத் தெரியாதுதானே. அது பின்னாலே நின்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. கும்பிட்டா என்ன பண்ண முடியும்? அவன் என்னைப் பதினாலுன்னு சொன்னப்போ இந்த அம்மா எங்கே இருந்துச்சு?

என்ன சார், மீட்டரை எடுத்துட்டீங்க? சரி, நேரம் போகணும், வேலையைப் பாருங்க. லைன்தான் இல்லையே, பயம் இல்லை. ஃபியூஸ் என் பையிலே. ஒரு கிளிப்பு பச்சை வயர்லே. இன்னொண்ணு பாடியிலே. சேர்ந்திருந்தா மீட்டர் கத்தணும், இல்லையா?

கத்தலையே.

இருங்க, நீங்க பிடிச்ச இடம் சரியில்லை. பெயிண்ட் மேலே பிடிச்சிருக்கீங்க. பெயிண்ட் மேலே பிடிச்சா எப்படிக் கத்தும், கரண்டு போகாதே. சுரண்டிட்டுப் பிடிங்க சார், சுரண்டினாத்தான்...

...

இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க பாருங்க.

சுரண்டிட்டீங்களா. தகரம் தெரியுதா. இப்பவும் கத்தலையா.

அந்த போல்ட்டைக் கழட்டித்தான் பார்க்கணுமா? சங்கரபாண்டி வந்துடட்டுமே. வெளிச்சத்திலே பார்க்கலாமே. இல்லை, நான் ஒண்ணும் தடுக்கலை. பதினொண்ணு நம்பர் ஸ்பானர் போட்டாக் கழண்டுடும். என் கையாலே கழட்டித் தரவா? சரி, நீங்களே கழட்டுங்க. இறுக்கமாத்தான் இருக்கும். நான் முடுக்கினது.

காட்ட வேண்டாம் சார். எனக்குத் தெரியுது. லக்குக்கு அடியிலே வட்டமா கிளிப்பச்சை. ஒரு கீறல்கூட இல்லாம.

மோட்டாருக்கு நான் சுரண்டாம எர்த் கொடுத்ததே கிடையாது சார். பம்ப்செட்டைக் கழட்டிப் பாருங்க, ஜெனரேட்டரைக் கழட்டிப் பாருங்க. எங்கேயாவது பெயிண்ட் மேலே லக்கு இருந்தா என் கையை வெட்டிப் போடுங்க. இது எனக்குத் தெரியாத வேலை இல்லை. பெயிண்ட் காஞ்சு திரும்ப மாட்டுறப்போ நினைப்பு வரலையான்னு கேக்கறீங்க. வந்துச்சு. ஸ்பானர் கையிலே இருக்கு, வந்துச்சு. இது அவன் நட்டுதானேன்னு தோணிச்சு. அவன் தொடாதேன்னு சொன்ன நட்டு. என் குழியைப் பானைன்னு சொல்லிட்டு, அதே பானையிலே வயரைக் கட்டினானே, கட்டினது ஒழுங்கா இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு தோணிச்சு. பெயிண்ட்டு நல்லா வந்திருக்கே, கீறுவானேன்னும் தோணிச்சு. எது முதல்லே தோணிச்சுன்னு இப்போ சொல்லத் தெரியலை. அதுக்குள்ளே முடுக்கி முடிச்சிட்டேன். அவளைக் கடிக்கும்னு நினைக்கலை. சத்தியமா அதை நினைக்கலை.

கோமு வந்து சொன்ன அன்னிக்குக்கூட பூட்ஸைக் கழட்டியிருக்கலாம்.

தண்ணி இருக்கா சார் பாட்டில்லே? ஒரு வாய் போதும்.

ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ரூமிலே நீங்களும் நானும்தான். அந்த போல்ட்டை மறுபடி முடுக்கிடலாம். இல்லைன்னா, அதைக்கூட விடுங்க, இதைக் கேளுங்க. குழி கெட்டுப் போச்சுன்னு எழுதிடுங்க. கோடை, பாறை நிலம், தண்ணி வத்திப் போச்சு, எர்த் பத்தலைன்னு எழுதினா யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தப் பயலும் தப்பிச்சான். அவன்தான் மே மாசமே சொல்லிட்டானே, எழுத்திலேயும் கொடுத்திருக்கானாம். நானும் தப்பிச்சேன். கோமுவுக்குக் காலேஜ் செய்ய வேண்டியதைச் செய்யும். பழி குழிக்குத்தான். குழியை யாரும் ஜெயில்லே போட மாட்டான். மண்ணுதானே.

உங்க முகம் தெரியலை. எழுத மாட்டேன்னு சொல்ல வர்றீங்களா, எழுதுறேன்னு சொல்ல வர்றீங்களா?

சொல்லாதீங்க. இருங்க.

குழி கெட்டதுன்னு எழுதினா, அவன் வருவான். கேஸு போயிடும், மறுபடி கழுத்திலே அட்டையை மாட்டிக்கிட்டு இந்த கேட்டு வழியா வருவான். வந்து சிரிப்பான். அன்னிக்கே சொன்னேனே தாத்தா, கேட்டீங்களான்னு. கேண்டீன்காரன் முன்னாலே, தாளாளர் முன்னாலே. அது ஊரெல்லாம் நிக்கும். பூல்பாண்டி தோண்டின குழி பானைன்னு கவர்மெண்ட் பேப்பர்லேயே இருக்கும். உங்க கையெழுத்தோட. நான் செத்த அப்புறமும் இருக்கும்.

பன்னிரண்டு நாள் சார். மூணு தடவை பட்டறைக்குப் போன கடப்பாரை.

முடியாது. அது மட்டும் முடியாது. அவன் சொன்னது சரின்னு ஆகக் கூடாது.

குழி நல்லா இருக்குன்னா தப்பு நடுவிலே இருக்கு. நடுவிலே இருக்கிறது அந்த நட்டு. அதை அவன் சுரண்டித்தான் போட்டான். நான் பார்த்தேன். வாசல்லே நின்னு பார்த்தேன். இதைச் சொன்னா அவன் தப்பிச்சிடுவான், அது எனக்கு வயிறு எரியுது. வெளியே போய் இல்லைன்னுட்டா அவன் உள்ளே போயிடுவான், குழியும் நல்ல குழின்னு ஆயிடும். ரெண்டும் எனக்குக் கிடைக்கும். அதைத்தானே காலையிலேருந்து நான் ஆசைப்பட்டேன். இப்போ கையிலே வந்து நிக்குது. ஆனா கோமு மூணு விரலை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாளே. அவ கிட்டே போய் இனி என்ன பேசுவேன்? தேளுன்னு சொன்ன வாயை வச்சுக்கிட்டு.

பேனா எடுங்க சார். முதல்லே குழியை எழுதுங்க. ஒண்ணரைன்னு எழுத்தாலேயே எழுதுங்க, நம்பரா எழுதினா எவனாவது ஒண்ணைச் சேர்த்துடுவான். எழுதிட்டீங்களா? நல்லா இருக்குன்னு போட்டீங்களா? அப்புறம் பெயிண்ட்டை எழுதுங்க. பூல்பாண்டி கழட்டினான், பூல்பாண்டி அடிச்சான், பூல்பாண்டி சுரண்டாம மாட்டினான். எதுக்காகன்னு எழுத வேண்டாம். அது உங்க பேப்பருக்கு வேண்டாத விஷயம்.

படிக்க வேண்டாம். எங்கே கையெழுத்துன்னு மட்டும் காட்டுங்க.

சார், பைக் சத்தம் கேக்குது. அவன்தான். செருப்பை இழுத்து இழுத்து நடப்பான், சங்கரபாண்டிதான். கதவு திறந்துட்டா அந்தப் பக்கம் ஏ.ஓ. இருப்பார், தாளாளருக்குப் போன் போடுவார், எனக்குப் பொன்னாடை போட்ட ஊரு இருக்கும். நான் இதே வாயாலே இல்லைன்னு சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இந்த வரியிலேயா? இங்கேயா? காகிதத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.

ஏலே சங்கரபாண்டி, சாவியைப் போடாதே. அங்கேயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் திறக்காதேலே.